திறந்த வெளியில் புகைபிடித்தல்

அறைக்குள் புகைபிடித்தால்தான் பிறருக்குத் தீங்கு, வெளியில் பிடித்தால் புகையைக் காற்று அடித்துச் சென்றுவிடும் என்று கருதுவோர் பலர். இக்கருத்து ஓரளவே உண்மையாகும்.

அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக விஞ்ஞானிகள் பூங்காக்களிலும் சிற்றுண்டிச்சாலைகளின் திறந்த முற்றங்களிலும் புகைத்துகள்களை அளந்து, 2007ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். எரியும் சிகரெட்டிற்கு மிக அருகில், புகை செல்லும் திசையில் இருப்பவர் சுவாசிக்கும் துகள்களின் அளவு, மூடிய அறையில் காணப்படும் அளவை எட்டக்கூடும். ஏறத்தாழ 2 மீட்டருக்கு அப்பால் அது வெகுவாகக் குறைகிறது. சிகரெட் அணைந்ததும் புகை விரைவில் கலைந்துவிடுகிறது. ஆகவே, திறந்த வெளியில் தீங்கின் அளவைத் தீர்மானிப்பவற்றுள் தூரம் முக்கியமானது.

புனே நகரத்துச் சுவார்கேட் பஸ் நிலையம் போன்ற இடத்தில், நெருக்கமாக வரிசையில் நிற்போருக்கு 2 மீட்டர் இடைவெளி ஏது? கைக்குழந்தை ஏந்திய தாயும் ஆஸ்துமா நோயாளியும் விலகிச் செல்ல வழியின்றி நிற்பர்.

2003ஆம் ஆண்டுப் புகையிலைப் பொருள்கள் சட்டம் பொது இடங்களில் புகைபிடிப்பதைத் தடுத்ததாயினும், 'திறந்த வெளி'க்கு விலக்களித்தது. 2008 அக்டோபர் 2 முதல் அமலுக்கு வந்த விதிகள் இவ்விலக்கைச் சுருக்கின. திறந்தவெளி அரங்கம், விளையாட்டு மைதானம், ரயில் நிலையம், பஸ் நிறுத்தம் ஆகியவையும், பொதுமக்கள் வரும் இத்தகைய பிற இடங்களும் தடைக்குள் வந்தன. மீறுவோருக்கு ரூ. 200 வரை அபராதம் விதிக்கலாம்.

பூங்காக்களை இவ்விதிகள் பெயரிட்டுக் கூறவில்லை. 'பிற இடங்கள்' என்னும் சொல்லே அவற்றிற்கு ஆதாரம். புனேயின் சாரஸ் பாக் போன்ற பூங்காக்களுக்குச் சிறுவர்களும் முதியோரும் நாள்தோறும் வருகின்றனர். நியூயார்க் நகரம் 2011ஆம் ஆண்டில் தன் பூங்காக்களையும் கடற்கரைகளையும் வெளிப்படையாகவே தடைக்குள் கொண்டுவந்தது. நம் நகராட்சிகளும் மாநகராட்சிகளும் அவ்வாறே ஐயத்திற்கிடமின்றி அறிவித்தல் நலம்.

களப் பணியாளர்கள் முதலில் கவனிக்க வேண்டியது அறிவிப்புப் பலகையாகும். 60 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் குறையாத பலகையை நுழைவாயிலில் வைப்பது, அவ்விடத்தின் பொறுப்பாளருடைய கடமை. கல்விக்கூடங்களின் தலைவர்களுக்குத் தம் வளாகத்தில் அபராதம் வசூலிக்கும் அதிகாரத்தையும் இவ்விதிகள் அளித்துள்ளன. பள்ளியைச் சுற்றி 100 கஜத்திற்குள் புகையிலைப் பொருள் விற்பதும் சட்டவிரோதம் என்பதை ஆசிரியர்கள் நினைவிற் கொள்க.

அபராதத்தைவிட விளக்கமே பெரும்பாலும் பயன்தரும். புகைப்பவரை இகழ்தல் வேண்டா. அருகில் நிற்பவருக்கு அப்புகையை மறுக்கும் வாய்ப்பில்லை என்பதை எடுத்துரைத்தாலே பலர் இசைவர்.