பழைய ஸ்போர்ட்ஸ் கார் எஞ்சின்: எடைக்கா, விலைக்கா?

மாணவர்களே, தங்கா பத்துவில் உங்கள் தாத்தா வீட்டுக் கொட்டகையில் தார்ப்பாய் போர்த்திய ஒரு பழைய எஞ்சின் பல ஆண்டுகளாகக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் பழைய இரும்பு வாங்கும் லாரி வருகிறது. "கிலோ கணக்கில் எடுத்துக்கொள்கிறேன்" என்கிறார் லாரிக்காரர். இடம் காலியானால் போதும் என்று தாத்தாவும் தலையாட்டுகிறார். நீங்கள் தூசியைத் துடைத்துப் பார்க்கிறீர்கள். எஞ்சின் பிளாக்கில் '4ஏ' என்று தொடங்கும் எழுத்துகள் தெரிகின்றன. இப்போது என்ன செய்வீர்கள்?

முதல் வேலை, லாரிக்காரரைக் கொஞ்சம் பொறுத்திருக்கச் சொல்வது. அடுத்த வேலை அறிவியலுக்கு உரியது.

பெயரிலேயே பாதிக் கதை

டொயோட்டா நிறுவனத்தின் 4ஏ-ஜிஇ எஞ்சின் 1983ஆம் ஆண்டு ஏஇ86 வகை கொரோல்லா லெவின், ஸ்பிரிண்டர் டிரேனோ கார்களில் வந்தது. '4' என்பது 'ஏ' குடும்பத்தில் நான்காவது எஞ்சின் என்பதைக் குறிக்கும். 'ஜி' என்றால் இரட்டை கேம்ஷாஃப்ட் கொண்ட வேக ரகம். 'இ' என்றால் மின்னணு முறையில் பெட்ரோலைத் தெளிக்கும் அமைப்பு.

இதன் சிலிண்டர் விட்டம் 81 மில்லிமீட்டர். பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம் 77 மில்லிமீட்டர். உருளையின் கன அளவுச் சூத்திரத்தைப் போட்டுப் பாருங்கள். ஒரு சிலிண்டருக்குச் சுமார் 397 கன சென்டிமீட்டர் வரும். நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து 1,587. நீங்கள் வகுப்பில் படித்த சூத்திரமே இந்த எஞ்சினின் கொள்ளளவைச் சொல்லிவிடுகிறது.

இன்றைய 1.5 லிட்டர் டர்போ எஞ்சின்கள் இதைவிடக் கூடுதல் சக்தி தருகின்றன. அப்படியிருந்தும் இதைத் தேடுவோர் உண்டு. நம் நாட்டில் பழைய கேஇ70 கொரோல்லாவில் இந்த எஞ்சினைப் பொருத்தி ஓட்டும் ஆர்வலர்கள் பலர். ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வரும் 'ஹாஃப்கட்' கார்கள் வழியாகவும் இது இங்கே வந்தது. 1995இல் தொடங்கிய 'இனிஷியல் டி' சித்திரக்கதை, ஏஇ86 காரையே கதாநாயகனாக்கி ஆசையைக் கிளறிவிட்டது. தேவை இருக்கிறது, புதிதாக உற்பத்தியோ இல்லை. இருப்பதில் தேய்ந்ததும் உடைந்ததும் போக, மிச்சம் குறைந்துகொண்டே வருகிறது. விலை ஏறுவதற்கு இது போதும்.

உள்ளே என்ன இருக்கிறது?

எஞ்சினின் உயிர் அதன் உள்ளே இருக்கிறது. வெளியே பளபளவென்று சாயம் பூசியிருந்தாலும் உள்ளே துருப்பிடித்திருக்கலாம். தங்கா பத்து மலாக்கா நீரிணையின் கரையோரம் அல்லவா? உப்பு கலந்த ஈரக்காற்று இரும்பைச் சீக்கிரம் அரிக்கும். அதனால் நெடுநாள் கிடந்த எஞ்சினை உடனே ஸ்டார்ட்டரால் சுழற்றக் கூடாது. ஸ்பார்க் பிளக் துளைகளில் சிறிது எண்ணெய் விட்டு, ஊறவைத்து, ஸ்பேனர் கொண்டு கையால் மெதுவாகத் திருப்ப வேண்டும். சிக்காமல் சுழன்றால் நல்ல அறிகுறி.

அடுத்தது எண்ணெய். அது பால் கலந்த தேநீர்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று பொருள். எண்ணெயில் உலோகத் துகள் மின்னினால் காந்தத்தைக் காட்டுங்கள். ஒட்டினால் அது இரும்பு. ஒட்டாத துகள் தாங்கியின் செம்பு, ஈய, அலுமினியக் கலவையாக இருக்கலாம். தாங்கி தேய்ந்துவிட்டது என்ற எச்சரிக்கை அது.

மூன்றாவது, அழுத்தச் சோதனை. எஞ்சினோடு கியர்பாக்ஸும் ஸ்டார்ட்டரும் இருந்தால் பட்டறையில் இதைச் செய்யலாம். எல்லா பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் அளவியைப் பொருத்தி எஞ்சினைச் சுழற்றுவார்கள். நான்கு சிலிண்டர்களும் 175, 172, 174, 110 பிஎஸ்ஐ என்று காட்டுவதாக வைத்துக்கொள்வோம். முதல் மூன்றும் நெருக்கமாக இருக்கின்றன. நான்காவதில் காற்று எங்கோ ஒழுகுகிறது. அதில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி அளந்தால் அழுத்தம் ஏறுகிறதா? அப்படியானால் பிஸ்டன் வளையம் தேய்ந்திருக்கிறது. எண்ணெய் தற்காலிகமாக இடைவெளியை அடைத்திருக்கிறது. ஏறவில்லையா? வால்விலோ சிலிண்டர் தலையின் கேஸ்கெட்டிலோ கோளாறு.

ஸ்டார்ட்டர் இல்லாவிட்டால் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து நிறுத்தி, அழுத்தக் காற்றை உள்ளே செலுத்திக் கேட்பார்கள். புகைக்குழாய்ப் பக்கம் 'உஸ்' என்றால் வெளியேற்றும் வால்வு. எண்ணெய் ஊற்றும் வாயில் கேட்டால் வளையம். காதே இங்கே அளவுகோல்.

நான்காவது, வெப்பம் விட்ட தடம். இந்த எஞ்சினின் பிளாக் வார்ப்பிரும்பு, தலையோ அலுமினியம். சூடேறும்போது அலுமினியம் இரும்பைப்போல் ஏறத்தாழ இருமடங்கு விரியும். 40 சென்டிமீட்டர் நீளத்துக்கு 80 பாகை செல்சியஸ் வெப்பம் கூடினால் அலுமினியம் சுமார் 0.7 மில்லிமீட்டர் நீளும். இரும்பு சுமார் 0.35 மட்டுமே. தண்ணீர் வற்றி எஞ்சின் கொதித்திருந்தால் தலை வளைந்துபோகும். நேர்விளிம்புப் பட்டையை வைத்து மெல்லிய தகடுகளால் இடைவெளியை அளந்து இதைக் கண்டுபிடிக்கலாம்.

விலை எப்படி பிறக்கிறது?

ஒரு கணக்குக்காக மட்டும் சில எண்களை எடுத்துக்கொள்வோம். பழைய இரும்பாக 120 கிலோ, கிலோவுக்கு 1 ரிங்கிட் என்றால் 120 ரிங்கிட். நன்றாக ஓடும் அதே எஞ்சின் 6,000 ரிங்கிட். பழுதாக இருந்தால் சீர்செய்ய 3,000 ரிங்கிட் ஆகும்.

சோதிக்காத எஞ்சினை வாங்க வருபவர் என்ன நினைப்பார்? நல்லதாக இருக்கப் பாதி வாய்ப்பு, கெட்டதாக இருக்கப் பாதி வாய்ப்பு. ஆகவே எதிர்பார்க்கும் செலவு 1,500. அவர் 4,500க்கு மேல் தர மாட்டார். எஞ்சின் உண்மையில் நல்லதாக இருந்தால் தாத்தாவுக்கு 1,500 ரிங்கிட் நட்டம். அழுத்தச் சோதனையின் எண்களை எழுதிக் காட்டினால் அந்த நட்டம் இல்லை.

அமெரிக்கப் பொருளியலாளர் ஜார்ஜ் அக்கர்லோஃப் 1970இல் பழைய கார் சந்தையை வைத்தே இதை விளக்கினார். விற்பவருக்குத் தெரிந்த குறை வாங்குபவருக்குத் தெரியாவிட்டால், வாங்குபவர் எல்லாவற்றுக்கும் விலையைக் குறைப்பார். நல்ல பொருள் வைத்திருப்பவர் கட்டுப்படியாகாமல் ஒதுங்குவார். கடைசியில் சந்தையில் கெட்டதே மிஞ்சும். இந்த வழியில் அவர் செய்த ஆய்வுக்கு 2001இல் நோபல் பரிசின் ஒரு பங்கு கிடைத்தது. குறையை மறைப்பவர் ஒருவரை மட்டும் ஏமாற்றுவதில்லை; நேர்மையாக விற்கும் எல்லாருடைய விலையையும் இறக்கிவிடுகிறார்.

எஞ்சினோடு கணினிப் பெட்டி, வயர்க் கட்டு, ஆல்டர்னேட்டர், கியர்பாக்ஸ் இவையெல்லாம் இருந்தால் விலை கூடும். இவற்றைத் தனித்தனியாகத் தேடி அலைவதே வாங்குபவருக்குப் பெரிய பாடு. எனவே கொட்டகையில் கிடக்கும் எந்தத் துண்டையும் குப்பையென்று வீசிவிடாதீர்கள்.

எண்ணும் பத்திரமும்

எஞ்சின் எண் காரின் பதிவுப் பத்திரத்தில் எழுதப்பட்டிருக்கும். வேறு எஞ்சினைக் காரில் பொருத்துபவர் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி பெற்று, வாகனச் சோதனைக்கும் காட்ட வேண்டும். அதனால் எண்ணைச் சுரண்டியோ அரைத்தோ அழித்த எஞ்சின் எவ்வளவு நன்றாக ஓடினாலும் சிக்கல்தான். அது திருட்டுப் பொருளாகவும் இருக்கலாம். எங்கே, எப்போது வாங்கியது என்று தாத்தாவிடம் கேட்டு எழுதிவையுங்கள். பழைய ரசீது கிடைத்தால் பத்திரப்படுத்துங்கள்.

ஒரு எச்சரிக்கை. நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள எஞ்சினைச் சங்கிலிக் கப்பி இல்லாமல் தூக்க முயலாதீர்கள். சோதனைகளைப் பட்டறையில் தெரிந்தவர் செய்யட்டும். நீங்கள் பக்கத்தில் நின்று எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சோதனை முடிந்தபின் எஞ்சின் பழுது என்றே தெரிந்தாலும் தாத்தாவுக்கு நட்டமில்லை. நம் கணக்கின்படி, உண்மையைச் சொல்லி விற்றாலே 3,000 ரிங்கிட் கேட்கலாம். லாரிக்காரர் தருவதாகச் சொன்னது 120.