கடலைப் பார்த்த ஆன்டெனா, வானைப் பார்த்த டிஷ்

டி.வி. அலை நேராகப் போகும். பூமியோ உருண்டை. இந்த இரண்டுக்கும் ஒத்துவராததால்தான் என்னைப் போன்ற மெக்கானிக்குகளுக்கு இத்தனை காலம் பிழைப்பு ஓடியது.

சென்னையில் தூர்தர்ஷன் நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. ஆனாலும் எங்கள் தூத்துக்குடிக்கு அந்தப் படம் எட்டவில்லை. அலைபரப்பும் கோபுரத்து உச்சியில் நின்று பார்த்தால் தொடுவானம் எவ்வளவு தூரத்தில் தெரியுமோ, கிட்டத்தட்ட அதுவரைதான் அலை போகும். காற்று அதைக் கொஞ்சம் கீழ்நோக்கி வளைப்பதால் இன்னும் சற்றுத் தள்ளிப் போகலாம். 100 மீட்டர் கோபுரம் என்றால் 40 கிலோமீட்டர், 2,000 மீட்டர் மலை என்றால் 180 கிலோமீட்டருக்குச் சற்று மேல். அலைபரப்பியின் சக்தியைக் கூட்டினால் படம் தெளிவாகுமே தவிர, தொடுவானம் நகர்ந்து கொடுக்காது. உயரம்தான் ஒரே வழி.

அந்த உயரம் எங்களுக்கு முதலில் கிடைத்தது அயல்நாட்டில். இலங்கையில் ரூபவாஹினி 1982 பிப்ரவரி 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. அதன் அலைபரப்பி இருந்தது பிதுருதலாகல மலையில். இலங்கையிலேயே உயரமான மலை அது, 2,524 மீட்டர். வடக்கே கொக்காவிலிலும் ஒரு கோபுரம் நின்றது. 1990-ல் போரில் அழிந்த அந்தக் கோபுரம் 2011-ல் திரும்பவும் எழுந்தது.

பிதுருதலாகலவிலிருந்து தூத்துக்குடி ஏறக்குறைய 350 கிலோமீட்டர். கணக்குப்படி வரவே கூடாது. ஆனால் வந்தது. கடலை ஒட்டி ஈரமும் குளிர்ச்சியுமான காற்று தங்கி, அதன்மேல் சூடான, வறண்ட காற்று படிந்தால், அலை மேலே தப்பிப் போகாமல் அந்த அடுக்குக்குள்ளேயே வளைந்து வளைந்து நெடுந்தூரம் போய்விடும். அந்த அடுக்கு தினமும் அமையாது. அதனால்தான் ஒருநாள் கண்ணாடி மாதிரி தெரிந்த படம் மறுநாள் வெறும் புள்ளியாகப் போனது. வாடிக்கையாளர்கள் என்னைக் கோபித்துக்கொண்டார்கள். கடற்காற்றை யாராலும் பழுதுபார்க்க முடியாது.

வேலை மொட்டை மாடியில். நீளமான இரும்புக் குழாய், அதன் உச்சியில் அலுமினியக் குச்சிகள், அதற்குப் பக்கத்திலேயே ஒரு பூஸ்டர். இந்தக் குச்சி ஆன்டெனாவை 1920-களில் உருவாக்கியவர்கள் ஜப்பானைச் சேர்ந்த ஷின்டாரோ உடா, ஹிடெட்சுகு யாகி. கேபிள் இணைப்பு ஒரு குச்சிக்கு மட்டும்தான். பின்னால் இருக்கும் குச்சி அலையைத் திருப்பி அனுப்பும், முன்னால் இருப்பவை அலையைக் குவித்துக் கொடுக்கும். குச்சியின் நீளம் ஏறக்குறைய அலைநீளத்தில் பாதி இருக்க வேண்டும். சேனல் மாறினால் அளவும் மாறும். நான் மேலே நின்று குழாயைத் திருக, கீழே முற்றத்திலிருந்து, "அண்ணாச்சி, இன்னும் கொஞ்சம் கிழக்கே!" என்று குரல் வரும்.

பிறகு கொடைக்கானலில் தூர்தர்ஷனின் உயர்சக்தி அலைபரப்பி வந்தது. அங்கிருந்து எங்கள் ஊர் சுமார் 180 கிலோமீட்டர், தொடுவானத்தின் விளிம்பு. அப்புறம் ஒரே குழாயில் இரண்டு ஆன்டெனா கட்டினோம். கடலைப் பார்த்தது இலங்கைக்கு, மலையைப் பார்த்தது கொடைக்கானலுக்கு.

மலை இல்லாத ஊர்களுக்கு வழிகாட்டியது செயற்கைக்கோள். இன்சாட்-1பி 1983 ஆகஸ்டில் ஏவப்பட்டது. டெல்லி நிகழ்ச்சி அதற்கு ஏறி, அங்கிருந்து நாடு முழுக்க இறங்கும். ஊர்தோறும் இருந்த சிறு ரிலே நிலையம் அதைப் பெரிய டிஷ்ஷில் பிடித்து, வேறொரு அலைவரிசைக்கு மாற்றி, சுற்றியுள்ள வீடுகளுக்கு அனுப்பும். அதற்கு 100 வாட் போதும், பழைய குண்டு பல்பு ஒன்று எரிகிற அளவு. 1984-ல் சில மாதங்கள், சராசரியாக நாளுக்கு ஒன்று என்ற வேகத்தில் நாடெங்கும் அலைபரப்பிகள் நிறுவப்பட்டன.

நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோளுக்கும் பூமிக்கும் சுழலும் வேகம் ஒன்று. அதனால் நம் கண்ணுக்கு அது நின்ற இடத்திலேயே நிற்கும். அந்த உயரத்தில் மூன்று நிலையங்கள் இருந்தால் உலகத்துக்கே ஒலிபரப்பலாம் என்று 1945-லேயே எழுதியவர் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க். பின்னாளில் அவர் குடியேறியது கொழும்பில். 1975-ல் இந்தியா தன் செயற்கைக்கோள் தொலைக்காட்சிச் சோதனையை நடத்தியபோது, இஸ்ரோ பொறியாளர்கள் அவர் வீட்டிலேயே ஒரு டிஷ் பொருத்திக் கொடுத்தார்கள்.

இன்று ரிலே நிலையத்தின் வேலையை உங்கள் மாடியில் இருக்கும் டிஷ்ஷே செய்கிறது. இலவச டிடி ஃப்ரீ டிஷ்ஷுக்கான கோள் கிழக்குத் தீர்க்கரேகை 93.5 டிகிரியில் நிற்கிறது. தூத்துக்குடியிலிருந்து அது இருப்பது கிழக்கு-தென்கிழக்கில், ஏறக்குறைய பழைய ரூபவாஹினி ஆன்டெனா பார்த்த அதே திக்கில்! உயரம் சுமார் 70 டிகிரி, கிட்டத்தட்ட தலைக்குமேல். ஆனால் டிஷ் அவ்வளவு அண்ணாந்து நிற்பதில்லையே என்று கேட்பார்கள். எல்.என்.பி. நடுவில் இல்லாமல் கீழே தள்ளி இருப்பதால், தட்டு நிமிர்ந்து நின்றாலும் அது பார்ப்பது மேலே. எல்.என்.பி. என்கிற அந்தச் சிறிய டப்பா, டிஷ் குவித்துக் கொடுக்கும் மெலிந்த அலையைப் பெருக்கி, கேபிளில் இறங்கக்கூடிய தாழ்ந்த அலைவரிசைக்கு மாற்றுகிறது. அலை கோளுக்கு ஏறி இறங்கக் கால் நொடி ஆகிறது.

மழையில் படம் நிற்பதற்குக் காரணம் அலையின் நீளம். வீட்டு டிஷ்ஷுக்கு வரும் அலை சுமார் இரண்டரை சென்டிமீட்டர்தான். கனத்த மழைத்துளிகள் அதைச் சிதறடித்து விழுங்கிவிடும். கேபிள்காரர் வைத்திருக்கும் பெரிய டிஷ் பிடிப்பது ஏழு சென்டிமீட்டருக்கு மேற்பட்ட அலை. அதை மழை அவ்வளவாகத் தொடாது.

2022-க்குள் தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி பழைய அனலாக் அலைபரப்பிகளில் பெரும்பாலானவற்றை நிறுத்திவிட்டது. குச்சி ஆன்டெனா இரும்புக் கடைக்குப் போய்விட்டது. அதற்காக மாதக் கட்டணம் கட்டித்தான் டி.வி. பார்க்க வேண்டும் என்பதில்லை. ஃப்ரீ டிஷ்ஷுக்கு டிஷ்ஷும் பெட்டியும் ஒருமுறை வாங்கினால் போதும். டிஷ் பார்க்கும் திசையில் மரக்கிளை குறுக்கே வளராமல் பார்த்துக்கொள்ளுங்கள். கேபிள் இணைப்பில் தண்ணீர் இறங்காதபடி டேப் சுற்றிவிடுங்கள். மழையில் படம் நின்றால் டிஷ்ஷைத் திருப்ப மாடிக்கு ஏறாதீர்கள். இடி மின்னல் நேரத்தில் ஈரமான மாடி ஆபத்து. மழை விட்டதும் படம் தானே வரும். வெயில் அடித்த பிறகும் வராவிட்டால் மட்டும் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.