மொட்டை மாடியில் ஒரு முகூர்த்தம்

தட்டு நிறையக் கத்தரிக்காய், ஓரத்தில் பிஞ்சு வெண்டை, நடுவில் பளபளவென்று ஒரு சுரைக்காய். மாடித்தோட்டக்காரர்கள் அனுப்பும் அறுவடைப் படத்தைப் பார்த்து ஏங்காதவர் உண்டா? அந்தப் படத்துக்குப் பின்னால் என்னதான் நடக்கிறது? அதைப் பார்க்கத்தான் இந்தச் சித்திரை வெயிலில் நங்கநல்லூரில் ஒரு மூன்று மாடி வீட்டுக்குள் நுழைந்திருக்கிறேன். நீங்களும் கூடவே வாங்க. படியில் பார்த்து வாங்க, இரண்டு பக்கமும் மூட்டை!

மூட்டைக்குள் செம்மண்ணும் மண்புழு உரமும். அதைத் தாண்டினால், குழந்தை குளிக்கிற டப் ஒன்றில் தென்னை நார்க்கட்டி ஊறிக்கொண்டிருக்கிறது. செங்கல் அளவு போட்டது டப் விளிம்பு வரை உப்பி நிற்கிறது. உப்பு போக அலசிப் பிழிய வேண்டும். பிழிந்ததை மேலே ஏற்ற வேண்டும். வீட்டுக்கார அண்ணன் தோளில் துண்டோடு, சட்டை முதுகில் ஒட்ட, மூச்சு வாங்க நிற்கிறார். “அவதான் தம்பி விவசாயி. நான் லோடுமேன்” என்கிறார். மேலிருந்து அக்காவின் குரல்: “லோடுமேன் பேசிட்டே இருந்தா கூலி கிடையாது!”

மாடிக்கு வந்தாச்சு. ஆஹா, எப்படிக் கலைந்து கிடக்கிறது! தோட்டக்கலைத் துறை மானிய விலையில் தந்த பைகள் ஒரு வரிசை ஒழுங்காக நிற்க, மற்றதெல்லாம் பெயிண்ட் வாளி, மீன் வந்த தெர்மோகோல் பெட்டி, காலி அரிசிப் பை. பந்தலில் புடலை தொங்குகிறது. சுருண்டுகொள்ளாமல் நேராக வளர நுனியில் கல் கட்டுவார்கள் இல்லையா? இங்கே ஒரு பிஞ்சின் நுனியில் பழைய பூட்டு ஆடுகிறது. சாவி தொலைந்து போனதாம்.

மூலையில் மூடி போட்ட ஒரு டப்பா. மீன் கழிவும் சம எடை நாட்டுச் சர்க்கரையும் ஒரு மாதத்துக்கு மேல் ஊறிய மீன் அமிலம். மூடி திறந்ததும் மூக்கைப் பொத்தினேன். வந்ததோ பழ வாசனை! “தெருப் பூனைக்கெல்லாம் இந்த டப்பா தெரியும்” என்று அக்கா மறுபடி இறுக்கி மூடுகிறார்.

தக்காளிச் செடியின் கீழே மஞ்சள் பூக்கள் உதிர்ந்து கிடக்கின்றன. இந்த வெக்கைக்குப் பூ நிற்காது, பச்சை நிழல்வலை கட்டியும்தான். தப்பிக் காய்த்ததை அணில் விடாது. அதனால் லேசாகச் சிவப்பு தட்டியதுமே பறித்து வீட்டுக்குள் பழுக்கவைக்கிறார்கள். செம்பருத்தித் தண்டில் எறும்பு வரிசையாக ஏறுகிறது. அக்கா முகம் மாறுகிறது. எறும்பு ஏறினால் மேலே மாவுப்பூச்சி என்று அர்த்தம். பழைய பல் பிரஷ், சோப்புத் தண்ணீரில் கலக்கிய வேப்பெண்ணெய் எல்லாம் வந்துவிட்டன. ஒவ்வோர் இலையாகத் திருப்பித் தேய்க்கிறார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் பந்தலையே சாய்த்தபோதுகூட இவ்வளவு கோபம் வரவில்லையாம்.

மணி ஆறரை. “பேசாம வா, முகூர்த்தம் வந்தாச்சு.” இதற்காகத்தான் நான் வந்ததே! பகலெல்லாம் மூடியிருந்த சுரைப் பூக்கள் ஒவ்வொன்றாக வெள்ளையாக விரிகின்றன. இந்த நேரத்தில் தேனீ கூடு திரும்பியிருக்கும். வர வேண்டியது அந்துப்பூச்சிதான், அதுவும் மூன்றாவது மாடிக்கு எப்போதாவதுதான் வரும். அக்கா ஓர் ஆண் பூவைக் கிள்ளி இதழ்களை உரிக்கிறார். பெண் பூவைக் கண்டுபிடிப்பது சுலபம், அடியில் கட்டைவிரல் அளவில், மெல்லிய ரோமத்தோடு சுரைக்காயே உட்கார்ந்திருக்கிறது. மகரந்தத்தை அதன் நடுவில் மெதுவாகச் சுற்றித் தடவுகிறார். மூக்கு நுனியில் வியர்வை, ஆனால் கை நடுங்கவில்லை. ஒட்டினால் பதினைந்து நாளில் கூட்டுக்குக் காய். ஒட்டாவிட்டால் மஞ்சளாகி உதிர்ந்துவிடும். அண்ணன் டார்ச் பிடித்தபடி, “ஆச்சா, ஆச்சா?” என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

கடைசியாக அந்தப் புகழ்பெற்ற தட்டு. புழு துளைத்த கத்தரிக்காயை ஓட்டை தெரியாமல் திருப்பி வைத்து, வெண்டையை விசிறியாக அடுக்கி, அண்ணன் படம் எடுக்கிறார். சுண்டைக்காய் நாலு உருண்டு ஓட, எல்லோரும் தரையில் தேடுகிறோம்! படம் போனதும் அந்த ஓட்டைக் கத்தரிக்காய் புழு இருந்த பாகத்தை நறுக்கிவிட்டு நேராகக் குழம்புக்குப் போகிறது. நல்லெண்ணெய் மிதக்க எனக்கும் ஒரு கரண்டி கிடைத்தது. கடைக் கத்தரிக்காயில் அந்த ருசி இல்லை, சத்தியம்.

ஆடிக்கு இன்னும் நாள் இருக்கிறது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் கீரையும் வெண்டையும் போடுங்கள். கீரை ஒரு மாதத்துக்குள் கைக்கு வரும், வெண்டை ஐம்பது நாளுக்குள் காய்த்துவிடும். சுரை போட ஆசையா? தாராளமாகப் போடுங்கள். சாயங்காலம் வீட்டில் ஒருவர் மாடிக்கு வந்தாக வேண்டும், அவ்வளவுதான்.