மயிலாப்பூரில் சமையல், திருவல்லிக்கேணியில் பந்தி

ரமலான் மாசத்துல திருவல்லிக்கேணி பெரிய பள்ளிவாசல்ல நோன்பு திறக்கிறவங்களுக்கு யார் பரிமாறுறாங்க, தெரியுமா?

பதில் மயிலாப்பூர்ல இருக்கு. சென்னை கோபாலபுரத்துலருந்து கதீட்ரல் ரோட்டுக்கு வந்து, கடற்கரைப் பக்கம் போனா ராதாகிருஷ்ணன் சாலை. அங்கே சூஃபிதார்னு ஒரு கோயில். 1947 பிரிவினையில சிந்து மாகாணத்தை விட்டு வந்த தாதா ரத்தன்சந்த் தொடங்கினது. உள்ளே இந்து தெய்வங்களோட குருநானக், ஏசுநாதர் படங்களும் இருக்கும்.

நோன்பு மாசத்துல இந்தக் கோயில் அடுப்பு காலையிலேயே எரிய ஆரம்பிச்சிடும். எல்லாமே சைவம்தான். வெஜிடபிள் பிரியாணி, இனிப்புன்னு தயாரானதும், சாயங்காலம் வண்டியில ஏத்தி அந்தப் பெரிய பள்ளிவாசலுக்கு, அதாவது வாலாஜா பள்ளிவாசலுக்குக் கொண்டு போவாங்க. ஆற்காடு நவாப் குடும்பம் கட்டின பள்ளிவாசல் அது. தலையில குல்லா போட்டுக்கிட்டு வரிசை வரிசையா பரிமாறுற தொண்டர்கள்ல பெரும்பாலானவங்க இந்துக்கள். ஒரு வருஷம், ரெண்டு வருஷம் இல்லீங்க, நாப்பது வருஷ வழக்கம்!

பிரிவினையில ஊரையே இழந்து வந்த ஒருத்தர் ஆரம்பிச்ச வேலை இது. எனக்கு அதுதான் பெரிய விஷயமாப் படுது.

பாங்கு சொல்றதுக்குள்ள எல்லார் முன்னாடியும் தட்டு வந்தாகணும். அதனால கடைசிப் பத்து நிமிஷம் ஓட்டமும் நடையும்தான்!