ஏசி போட்டாலே கார் ஆஃப் ஆகுதா? காரணமும் தீர்வும்!

நின்றபடி ஏசியை ஆன் செய்ததும் இன்ஜின் உதறி, ஆஃப் ஆகிவிடுகிறதா? பெட்ரோல் கலப்படம் என்று உடனே முடிவு கட்டாதீங்க.

*என்ன காரணம்?*
ஏசி கம்ப்ரசரைச் சுற்றுவது இன்ஜின்தான். வண்டி நிற்கும்போது பெட்ரோல் இன்ஜின் நிமிடத்துக்கு சுமார் 700 முதல் 900 சுற்றுதான் சுற்றும். கம்ப்ரசர் சுமை ஏறும்போது கூடுதல் காற்று கிடைத்தால்தான் தாக்குப்பிடிக்கும். த்ராட்டில் பாடியில் கரி படிந்திருந்தால் அந்தக் காற்று கிடைக்காது.

*பழவேற்காட்டில் கூடுதல் சிக்கல்*
ஏரிக்கும் கடலுக்கும் நடுவே உள்ள மீனவ கிராமங்களில் உப்புக்காற்று கண்டென்சரையும் ஃபேன் ஒயர் இணைப்பையும் அரிக்கும். ஃபேன் சுற்றாவிட்டால் ஏசி கேஸ் அழுத்தம் எகிறி, இன்ஜினுக்குச் சுமை கூடும்.

*நீங்களே பார்க்கலாம்*
• ஏசி போட்டதும் ரேடியேட்டர் ஃபேன் சுற்றுதா? கையை மட்டும் கிட்டே கொண்டுபோகாதீங்க.
• ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தால் நிற்காமல் ஓடுதா? த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்யணும்.
• மிதித்தும் நிற்குதா, 'கிரீச்' சத்தம் வருதா? கம்ப்ரசர் இறுகியிருக்கலாம், மெக்கானிக்கிடம் காட்டுங்க.
• கண்டென்சரில் உப்பு படிந்தால் நல்ல தண்ணீரை மெதுவாக விட்டுக் கழுவுங்க.

*அலட்சியம் வேண்டாம்!*
ஓடும்போது இன்ஜின் நின்றால் ஸ்டியரிங் கனக்கும். ஓரிரு மிதிக்குப் பிறகு பிரேக்கும் கல்லாகிவிடும். விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்தி ஓரம் கட்டுங்க. சாவியைக் கழற்றினால் ஸ்டியரிங் லாக் ஆகிடும். சரிசெய்யும் வரை ஏசி இல்லாமலே ஓட்டுவது நல்லது.