துபாய்க்குக் குடிபோகிறீர்களா? உடம்பையும் தயார் செய்யுங்கள்!

"டாக்டர், அவருக்கு துபாயில வேலை கிடைச்சிருக்கு. ஏப்ரல்ல பசங்களையும் கூட்டிக்கிட்டுப் போறோம். அந்தச் சூடு தாங்குமா? குளிர்ச்சிக்கு ஏதாவது லேகியம் குடுங்களேன்!"

இப்படிக் கேட்டுக்கொண்டு அடிக்கடி என்னிடம் ஒரு குடும்பம் வந்து நிற்கிறது. லேகியம் கொடுத்து அனுப்புவது சுலபம்தான். ஆனால் அங்கே போய் ஒரு வருஷம் இருந்துவிட்டு லீவில் வருகிறவர்கள் சொல்லும் தொல்லைகளைக் கேட்டால், பாதி வெயிலால் வந்ததாக இருக்கிறது. மீதிப் பாதி ஏ.சி.யால் வந்ததாக இருக்கிறது! தோல் வறட்சி, மூட்டு வலி, சிறுநீர்க் கல், எடை கூடுதல், தூக்கமின்மை... இதெல்லாம் லேகியத்தால் மட்டும் தீருகிற சமாச்சாரமா? அந்த ஊரின் இயல்பைத் தெரிந்துகொண்டு போனால் இதில் பெரும்பகுதியைத் தவிர்த்துவிடலாம்.

நெய்தலும் பாலையும் சேர்ந்த ஊர்

சித்த மருத்துவத்தில் நோயைப் பார்ப்பதற்கு முன் நிலத்தைப் பார்க்கச் சொல்வார்கள். வயல் சூழ்ந்த மருத நிலம் நோய் குறைந்தது. பாலை நிலமோ வளி, அழல், ஐயம் என்ற மூன்றையுமே கெடுக்கும் என்பது நம் முன்னோர் கணக்கு.

துபாய் வெறும் பாலை மட்டுமல்ல. கடற்கரை ஊர். அதனால் நெய்தலும் கூட! இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். 'பாலைவனம்தானே, வறட்டு வெயிலாக இருக்கும்' என்று நினைத்துப் போகிறார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை பகலில் 40 டிகிரி செல்சியஸ் சர்வசாதாரணம். சில நாட்கள் 45-ஐயும் தாண்டும். அதோடு கடல் காற்றின் ஈரமும் சேர்ந்துகொள்கிறது. வியர்வை உலர்ந்தால்தான் உடம்பு குளிரும். காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் வியர்வை உலராமல் வழிந்துகொண்டே இருக்கும்; உடம்புச் சூடு இறங்காது. ராத்திரி கூட 30 டிகிரிக்குக் கீழே இறங்காத நாட்கள் உண்டு.

'நாங்க சென்னை அக்னி நட்சத்திரத்தையே பார்த்தவங்க' என்று சொல்லாதீர்கள். சென்னையில் சில வாரம் என்றால், அங்கே நாலு மாசம்!

நல்ல செய்தியும் இருக்கிறது. நவம்பர் முதல் மார்ச் வரை அருமையான பருவம். ஜனவரியில் விடியற்காலை 15 டிகிரிக்குக் கூட இறங்கும். ஸ்வெட்டர் தேவைப்படும். முடிந்தவரை அக்டோபர் கடைசிக்கு மேல் குடிபோவது உத்தமம். ஆனால் அங்குள்ள இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகள் ஏப்ரலில் திறப்பதால், பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் வெயிலின் வாசலில் போய் இறங்குகின்றன. அப்படிப் போகிறவர்கள்தான் அதிக ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

முதல் இரண்டு வாரம்

புது வெயிலுக்கு உடம்பு பழக ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் ஆகும். அதுவரை பகலில் வீடு தேடுகிறேன், ஊர் சுற்றிப் பார்க்கிறேன் என்று அலையாதீர்கள். கோடையில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் பன்னிரண்டரை மணியிலிருந்து மூன்று மணி வரை திறந்த வெளியில் வேலை வாங்கக் கூடாது என்று அந்த நாட்டில் சட்டமே இருக்கிறது. கூலித் தொழிலாளர்களுக்காக வந்த சட்டம் அது. நீங்களும் அதையே உங்கள் வீட்டுச் சட்டமாக வைத்துக்கொள்ளுங்கள்.

தாகம் எடுத்தபின் குடிப்பது என்பது நம் ஊர் வழக்கம். அங்கே தாகத்துக்கு முன்பே குடிக்க வேண்டும். வளர்ந்தவர்களுக்கு நாளொன்றுக்கு இரண்டரை, மூன்று லிட்டர். வெளியே அலைகிறவர்களுக்கு அதற்கு மேலும் தேவை. அளவு சரியா என்று பார்க்க எளிய வழி: சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி, அடர் மஞ்சளாக இருந்தால் போதவில்லை. தண்ணீர் குறைத்துக் குடிப்பதால்தான் அங்கே பலருக்கும் சிறுநீர்க் கல் வருகிறது. இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் தங்கள் டாக்டர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது.

வெறும் தண்ணீர் அலுத்துப் போனால் சீரகம் கொதித்த நீர், வெட்டிவேர் போட்ட நீர், உப்புச் சேர்த்த எலுமிச்சைச் சாறு குடிக்கலாம். மோருக்கு அங்கே பஞ்சமே இல்லை. 'லபன்' என்று பாட்டிலில் விற்பது கிட்டத்தட்ட நம்ம மோர்தான். பாட்டில் நன்னாரி சர்பத்தில் சர்க்கரை அதிகம்; நீரிழிவுக்காரர்கள் தொட வேண்டாம்.

இந்த அறிகுறி வந்தால் கஷாயம் வைக்காதீர்கள்!

தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு, மளமளவென்று வியர்வை... இது வெயில் களைப்பு. நிழலுக்குப் போய், உப்பும் சர்க்கரையும் சேர்ந்த ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துப் படுத்தால் சரியாகிவிடும்.

ஆனால் பேச்சு குழறுகிறது, ஆள் தடுமாறுகிறார், சம்பந்தமில்லாமல் பேசுகிறார், வலிப்பு வருகிறது, மயங்கி விழுகிறார், உடம்பு 104 டிகிரி ஃபாரன்ஹீட் கொதிக்கிறது என்றால் அது வெயில் மயக்க நோய். உயிர் போகிற விஷயம். நான் சித்த மருத்துவன்தான். அந்த நேரத்தில் எந்தச் சூரணத்தையும் கஷாயத்தையும் தேட வேண்டாம் என்று நானே சொல்கிறேன். உடனே 998-க்கு ஆம்புலன்ஸ் கூப்பிடுங்கள். வரும்வரை உடைகளைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஈரத்துணியில் சுற்றிய ஐஸ் வையுங்கள். நினைவு தவறியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

இன்னொன்று. 'அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்' என்று குழந்தையைப் பூட்டிய காரில் விட்டுப் போகவே கூடாது. வெயிலில் நிற்கும் கார் சில நிமிஷத்தில் அடுப்பாகிவிடும்.

வெயில் ஊரில் வெயில் படாத உடம்பு

ஆச்சரியமாக இருக்கும். சூரியன் கொளுத்துகிற அந்த நாட்டில் வைட்டமின் டி குறைபாடு மிக சகஜம். வீட்டில் ஏ.சி., காரில் ஏ.சி., ஆபீஸில் ஏ.சி., மெட்ரோ ரயிலில் ஏ.சி., ஏன், பல பஸ் நிறுத்தங்களில் கூட ஏ.சி.! தோலில் வெயில் படுவதே இல்லை. குளிர்காலத்தில் தினமும் சிறிது நேரம் கை, கால், முகத்தில் வெயில் படும்படி நடங்கள். உடம்பு வலி, சோர்வு தொடர்ந்தால் ரத்தப் பரிசோதனை செய்து, டாக்டர் சொன்ன அளவில் மாத்திரை எடுங்கள். தாமாகவே வாங்கி விழுங்கக் கூடாது.

வெளியே 44, உள்ளே 20 என்று மாறி மாறிப் போனால் மூக்கடைப்பு, தொண்டை வறட்சி, கண் உறுத்தல், கழுத்துப் பிடிப்பு எல்லாம் வரிசையில் வரும். வீட்டில் ஏ.சி.யை 24, 25-ல் வையுங்கள். நேராக மேலே படும்படி படுக்காதீர்கள். கடைக்கும் சினிமாவுக்கும் போகையில் ஒரு சால்வை கைப்பையில் இருக்கட்டும். ஏ.சி. வடிகட்டியை ஒழுங்காகச் சுத்தம் செய்யுங்கள். 'ஷமால்' என்னும் வடமேற்குக் காற்று மணலை வாரி இறைக்கும். ஆஸ்துமாக்காரர்களுக்கு அந்த நாட்களில் இன்ஹேலர் கைவசம் இருந்தே ஆக வேண்டும்.

குளியல் ஒரு தனிக் கதை. கடல் நீரை உப்பு நீக்கித்தான் ஊருக்கு விடுகிறார்கள். கோடையில் தொட்டி கொதித்து, பச்சைத் தண்ணீர்க் குழாயிலேயே வெந்நீர் வரும்! அங்கே பழகியவர்கள் ஒரு தந்திரம் செய்வார்கள். ஹீட்டரை அணைத்துவிட்டால், வீட்டுக்குள் இருக்கும் அதன் தொட்டியில் நீர் ஆறியிருக்கும். 'வெந்நீர்'க் குழாயைத் திறந்தால் குளிர்ந்த நீர் வரும். முடி கொட்டுகிறது என்று தண்ணீரையே திட்டுகிறார்கள். அதற்கு முன் ரத்தசோகை, தைராய்டு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

வாரம் ஒரு முறை நல்லெண்ணெய்க் குளியல் பாலை நிலத்து வறட்சிக்கு நல்ல மாற்று. 2022 ஜனவரியிலிருந்து அங்கே வார விடுமுறை வெள்ளி, சனி என்பது மாறி சனி, ஞாயிறு ஆகிவிட்டது. ஆண்கள் வழக்கமான சனிக்கிழமையையே வைத்துக்கொள்ளலாம்! குளித்த கையோடு ஏ.சி. அறையில் போய்ப் படுக்காதீர்கள். காய்ச்சல், சளி உள்ள நாளில் வேண்டாம்.

நடையும் சாப்பாடும்

முருங்கைக்கீரை, கறிவேப்பிலை, சின்ன வெங்காயம் எல்லாம் கராமா, பர்துபாய் பக்கம் கிடைக்கும். ஆனாலும் பலருக்கு முதல் வருஷத்திலேயே எடை ஏறுவது ஏன்? போன் செய்தால் சாப்பாடு வாசலுக்கு வருகிறது. ராத்திரி பத்து மணிக்குச் சாப்பாடு. நடை சுத்தமாக நின்றுவிடுகிறது. நீரிழிவு ஏற்கெனவே அதிகம் உள்ள பிரதேசம் அது. இரவு உணவை எட்டு மணிக்குள் முடியுங்கள். பேரீச்சம்பழம் நல்லதுதான், அதற்காகத் தட்டு நிறைய வேண்டாம், நாளுக்கு இரண்டு மூன்று போதும். நீரிழிவுக்காரர்கள் டாக்டரைக் கேட்டுத் தொடுங்கள்.

கோடையில் நடக்க இடமில்லை என்ற சாக்கும் செல்லாது. 2025 ஆகஸ்டில் துபாயின் பெரிய மால்களைக் காலை 7 மணி முதல் 10 மணி வரை நடைப்பயிற்சிக்கென்றே திறந்துவிட்டார்கள். அதிகாலையில் கடற்கரைப் பாதைகளிலும் நடக்கலாம்.

பெட்டியில் எது போகலாம்?

இதை அம்மாக்கள் கட்டாயம் படிக்க வேண்டும். குருமாவுக்கு என்று ஆசையாகக் கட்டிக்கொடுக்கும் கசகசா அந்த நாட்டில் தடை செய்யப்பட்ட பொருள்! அபின் செடியின் விதை என்பதால் போதைப் பொருள் சட்டத்தில் வருகிறது. அரைத்த மசாலாப் பொடியில் கலந்திருந்தாலும் அனுப்பாதீர்கள். பாக்கு, பான் வகைகளும் வேண்டாம்.

மருந்திலும் இதே எச்சரிக்கை. கோடீன் சேர்ந்த இருமல் மருந்து, டிராமடால் வலி மாத்திரை, சில தூக்க மாத்திரைகள், மனநல மருந்துகள் கொண்டுபோக, அந்த நாட்டு அரசிடம் இணையவழியில் முன்கூட்டியே விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும். தினமும் சாப்பிடும் மற்ற மாத்திரைகளுக்கும் ஆங்கிலத்தில் எழுதிய மருந்துச் சீட்டு, ஒரிஜினல் அட்டை இரண்டும் தேவை.

எங்கள் சித்த மருந்துகளுக்கும் இது பொருந்தும். பெயர் எழுதாத பொட்டலத்தில் சூரணம் கட்டிக்கொண்டு போகாதீர்கள். உலோகம் சேர்ந்த பற்பம், செந்தூரத்தை நாடி பார்க்க ஆளில்லாத ஊரில் சொந்தமாகச் சாப்பிடுவதும் கூடாது.

கிளம்பும் முன்...

* வேலையை ராஜினாமா செய்வதற்கு முன்பே மார்பு எக்ஸ்-ரேயும் ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். குடியிருப்பு விசாவுக்காக அங்கே காசநோய், எச்.ஐ.வி. பரிசோதனை உண்டு. எச்.ஐ.வி. தொற்று இருந்தால் விசா கிடையாது. இங்கே வேலையை விட்டுவிட்டு அங்கே போய்த் திரும்ப நேர்ந்தால், அந்தக் குடும்பம் என்ன பாடுபடும்!

* துபாயில் மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஊழியருக்கு முதலாளி எடுத்துத் தர வேண்டும். மனைவி, பிள்ளைகளுக்கு எடுப்பது பெரும்பாலும் அவர்களை அழைத்துப் போகிறவரின் பொறுப்பு. பழைய நோய்க்கும் பிரசவத்துக்கும் காத்திருப்புக் காலம் உண்டா என்று கையெழுத்துப் போடுமுன் படித்துப் பாருங்கள். காப்பீடு இல்லாமல் அங்கே ஆஸ்பத்திரி ஏறினால் சேமிப்பு கரையும்.

* பல், கண் வேலைகளை இங்கேயே முடியுங்கள். குழந்தைகளின் தடுப்பூசி அட்டை கையில் இருக்கட்டும்.

* ரத்த அழுத்த மாத்திரையில் நீர் பிரிக்கும் மருந்து இருந்தால் 'வெயில் ஊருக்குப் போகிறேன்' என்று டாக்டரிடம் சொல்லுங்கள். அளவை மாற்ற வேண்டியிருக்கலாம். இன்சுலினைக் காரில் வைக்காதீர்கள்.

* மாடி வீடானால் பால்கனி, ஜன்னல் பக்கம் நாற்காலி, மேஜை போடாதீர்கள். சின்னக் குழந்தைகள் ஏறிவிடும்.

மனசுக்கும் ஒரு வார்த்தை

கணவர் காலையில் ஆபீஸ் போய்விடுவார். பிள்ளைகள் ஸ்கூல் போய்விடும். நாலு மாசம் ஜன்னலைத் திறக்க முடியாத வீட்டில் ஒரு பெண் தனியாக இருக்கிறார். காரணமில்லாத அழுகை, எரிச்சல், பசியின்மை என்று லீவில் வந்து சொல்கிற பெண்கள் பலர். அது உடம்புச் சூடு அல்ல, தனிமை. "சும்மாதானே இருக்கே, என்ன கஷ்டம்?" என்று ஆண்கள் கேட்காதீர்கள். போன முதல் மாதத்திலேயே பக்கத்து வீட்டுக்காரர்கள், தமிழ்ச் சங்கம், கோயில், ஏதாவது ஒரு வகுப்பு என்று அவருக்கென நாலு முகங்களைத் தேடிக் கொடுங்கள். ஊருக்கும் அங்கேக்கும் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். சாயங்காலம் அம்மாவிடம் பேச ஒரு நேரம் ஒதுக்குங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் மனபாரம் நீடித்தால் டாக்டரைப் பார்க்கத் தயங்க வேண்டாம்.

சம்பாதிக்கப் போகிறோம், அதில் தப்பே இல்லை. வீட்டுக் கடனும் அடையட்டும், பிள்ளைகள் படிப்பும் நடக்கட்டும். கூடவே மாசம் ஒரு முறை எடையையும், வருஷம் ஒரு முறை சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரகம் மூன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது பணத்தோடு ஆரோக்கியமும் சேர்ந்து வரட்டும்!