உங்கள் பெயரில் ஒரு கார்டு

இருபது வருஷமாக வீட்டுக் கணக்கை நீங்கள்தான் பார்த்து வருகிறீர்கள். பால்காரருக்கு ஒன்றாம் தேதி, மளிகைக் கடைக்கு ஐந்தாம் தேதி, சீட்டுப் பணம் பத்தாம் தேதிக்குள். ஒரு நாள் தவறியதில்லை. ஒருவரிடம் கைமாற்று என்று போய் நின்றதில்லை. இப்படிப்பட்ட நீங்கள் ஒரு நாள் கிரெடிட் கார்டு கேட்டு பாங்கிக்கு விண்ணப்பம் போடுகிறீர்கள். இரண்டு நாளில் பதில் வருகிறது: ‘வருந்துகிறோம்.’

என்ன அநியாயம் பாருங்கள்! அடுத்த வீட்டுப் பையன் வேலைக்குப் போய் இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. வண்டிக்குக் கடன், செல்போனுக்குத் தவணை. அவனைத் தேடி வந்து கார்டு கொடுக்கிறார்கள். கடனே வாங்காத உங்களுக்கு இல்லையாம்!

பாங்கிக்காரர் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. அவர் உங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை. ஓர் ஏட்டைப் பார்க்கிறார். நம் தேசத்தில் யார் யார் கடன் வாங்கினார்கள், எப்படித் திருப்பிக் கட்டினார்கள் என்று குறித்து வைப்பதற்கென்றே நான்கு கம்பெனிகள் இருக்கின்றன. அவற்றில் மூத்தது 2000-ல் ஆரம்பித்த சிபில். 2005-ல் இதற்கென்று ஒரு சட்டமும் வந்தது. கடன் வாங்கியவர்களுக்கு 300 முதல் 900 வரை மதிப்பெண் போடுகிறார்கள். 750-க்கு மேல் இருந்தால் பாங்கிகள் முகம் மலரும். கடனே வாங்காதவருக்கு? மதிப்பெண்ணே கிடையாது, ‘சரித்திரம் இல்லை’ என்று குறிப்பு மட்டும்தான். பரீட்சையில் தோற்றவர் என்று அர்த்தமல்ல, பரீட்சை எழுதாதவர் என்று அர்த்தம். மளிகைக் கடை நோட்டில் நீங்கள் சம்பாதித்த நல்ல பெயர் அந்த ஏட்டுக்குப் போய்ச் சேர்வதில்லை. டெபிட் கார்டைத் தேய்ப்பதும் சேராது. அது உங்கள் பணம்தானே, கடன் அல்லவே!

ஒரு விஷயம் மட்டும் பலருக்கு ஞாபகம் வருவதில்லை. என்றைக்கோ உங்கள் பெயரில் பாங்கியில் நகைக் கடன் வைத்து மீட்டிருந்தால், அது ஏட்டில் ஏறியிருக்கக்கூடும். தெருக்கோடி அடகுக் கடையில் வைத்தது ஏறாது.

“எனக்குத்தான் கார்டு இருக்கிறதே! அவர் வாங்கிக் கொடுத்தாரே!” என்று சிலர் சொல்வீர்கள். அதை எடுத்து நன்றாகப் பாருங்கள். பெரும்பாலும் அது கணவருடைய கார்டுக்குத் துணைக் கார்டாக இருக்கும். உங்கள் பெயர் அதில் அழகாக அச்சாகியிருக்கலாம். ஆனால் கடன் அவருடையது, வரம்பு அவருடையது. ஒழுங்காகக் கட்டிய நற்பெயரும் அவர் கணக்கிலேதான் சேரும். அவர் கார்டை மூடினால் உங்களுடையதும் மூடிப்போகும். அவர் காலமானாலும் அதே கதிதான். இதை ஒரு பெண் தெரிந்துகொள்வது, பெரும்பாலும், துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாம் போன பிறகு. மருந்துக் கடையில் கார்டை நீட்டும்போது ‘செல்லாது’ என்று பதில் வரும். அபசகுனமாக ஏன் பேசுகிறாய் என்று கேட்காதீர்கள். நல்ல நாளிலேயே யோசிக்க வேண்டிய காரியம் இது.

இது நம் ஊர்ப் பெண்களுக்கு மட்டும் நேர்ந்த தொல்லையும் அல்ல. அமெரிக்காவிலேயே, கல்யாணமான பெண் கடன் கேட்டால் புருஷன் கையெழுத்து எங்கே என்று கேட்கும் வழக்கம் இருந்தது. அதை நிறுத்த அங்கே 1974-ல் ஒரு சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது.

சரி, ஏட்டில் பெயர் ஏற வழி என்ன? சம்பளம் வாங்குகிறவராக இருந்தால், சம்பளம் வந்து விழும் பாங்கியிலேயே முதலில் கேளுங்கள். அவர்களுக்கு உங்கள் வரவு செலவு தெரியும். வருமானம் என்று காட்ட ஒன்றும் இல்லாத இல்லத்தரசிக்கு எளிதான வழி, பிக்ஸட் டிபாசிட் பேரில் வாங்கும் கார்டு. அஞ்சறைப் பெட்டியிலும் புடவை மடிப்பிலும் சேர்த்து வைத்திருப்பீர்கள் அல்லவா? அதை உங்கள் பெயரில் டிபாசிட்டாகப் போடுங்கள். எவ்வளவு வேண்டும் என்பது பாங்கிக்கு பாங்கி மாறும். 20,000, 25,000 ரூபாய்க்குக் கொடுப்பவர்களும் உண்டு. அந்தத் தொகையில் பெரும் பகுதியைக் கடன் வரம்பாக வைத்து ஒரு கார்டு தருவார்கள். பொதுவாகச் சம்பளச் சீட்டும் கேட்பதில்லை, பழைய சரித்திரமும் கேட்பதில்லை. டிபாசிட்டுக்கு வட்டி தன்பாட்டுக்கு வந்துகொண்டிருக்கும். ஆனால் கார்டு இருக்கும் வரையில் அதை எடுக்க முடியாது. நீங்கள் பாக்கி வைத்தால் பாங்கி அதில் கை வைக்கும். ஆகையால் பெண்ணின் கல்யாணத்துக்கென்று வைத்திருக்கும் பணத்தை இதில் போடாதீர்கள்.

விண்ணப்பத்தில் பெயர் விஷயத்தில் கவனம் தேவை. கல்யாணத்துக்கு முன் எடுத்த பான் கார்டில் அப்பாவின் இனிஷியல், ஆதாரில் கணவரின் இனிஷியல் என்று இருந்தால் விண்ணப்பம் அங்கேயே சிக்கிக்கொள்ளும். முதலில் அதை ஒன்றாக்குங்கள். ஒரு பாங்கி மறுத்தால் ஆத்திரத்தில் அதே வாரம் நாலு பாங்கிக்குப் போடவும் வேண்டாம். ஒவ்வொரு விண்ணப்பமும் அந்த ஏட்டில் குறிக்கப்படுகிறது.

கார்டு வந்துவிட்டது. இனிமேல்தான் சங்கதி இருக்கிறது. மாதம் ஒரு மளிகைச் சாமான், ஒரு மின்சார பில், அவ்வளவு போதும். 20,000 ரூபாய் வரம்பு என்றால் 5,000, 6,000-க்கு மேல் போக வேண்டாம். பில் வந்ததும் முழுத் தொகையையும் கட்டிவிடுங்கள். பில்லில் இரண்டு தொகை இருக்கும். ஒன்று மொத்த பாக்கி. மற்றொன்று ‘குறைந்தபட்சம் கட்ட வேண்டியது’. இந்த இரண்டாவது இருக்கிறதே, பசுத்தோல் போர்த்திய புலி! 10,000 ரூபாய் பில்லுக்கு 500 கட்டினால் போதும் என்று அது ஆசை காட்டும். மாதம் மூன்றரை சதவிகித வட்டி என்று வைத்துக்கொண்டால், மீதி 9,500-க்கு ஒரு மாத வட்டி மட்டும் 332 ரூபாய் 50 காசு; அதன் மேல் 18 சதவிகித ஜி.எஸ்.டி. சேர்த்தால் 392 ரூபாய் ஆகிறது. நீங்கள் கட்டிய 500-ல் கடனுக்குப் போனது வெறும் 108. போதாக்குறைக்கு, பாக்கி தீரும் வரை புதிதாக வாங்கும் சாமானுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். பேட்டைக் கந்து வட்டிக்காரரைக் கரித்துக் கொட்டுகிறோமே, இதுவும் அவருக்குச் சளைத்ததல்ல. கார்டைக் கொண்டு ஏ.டி.எம்.மில் பணம் எடுப்பதும் வேண்டாம். அதற்கு முதல் நாளிலிருந்தே வட்டி, கூலி தனி.

சுமார் ஆறு மாதம் இப்படி ஒழுங்காகக் கட்டி வந்தால் உங்கள் பெயருக்கு நேரே ஒரு மதிப்பெண் முளைத்திருக்கும். அந்த நான்கு கம்பெனிகளும் வருஷத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது 2017 முதல் ரிசர்வ் பாங்கியின் உத்தரவு. கேட்டு வாங்கிப் பாருங்கள். நீங்கள் வாங்காத கடன் எதுவும் உங்கள் தலையில் ஏறியிருந்தால் உடனே எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்கலாம்.

கார்டு பிடிக்கவில்லையா? பாக்கியைத் தீர்த்துவிட்டு மூடச் சொல்லலாம். ஏழு வேலை நாளுக்குள் மூடாவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் பாங்கிதான் உங்களுக்கு 500 ரூபாய் கட்ட வேண்டும். 2022-ல் ரிசர்வ் பாங்கி போட்ட விதி இது. கவுண்டரில் இருப்பவர் தெரியாததுபோல் விழித்தால் நீங்களே நினைவுபடுத்துங்கள்.